பழைய பதிவு

இருபத்திரண்டு தினார் என்று போட்டிருந்தான்.
பதினேழு என்றேன்.
இரவு ஒன்றரைக்கு
'வா' என்று ஒற்றைச் சொல்லில் பதில்,
கூடவே ஒரு வரைபடப் புள்ளி:
ஹவல்லி, பூட்டிய பல் மருத்துவமனை வாசல்.

விளம்பரப் படத்தில்
உள்ளங்கை நடுவே கிடந்தது செயலி.
சில்லை விட்டுவிட்டுக்
கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொய் சொல்கிற கையா என்று
ரேகையில் எங்கே எழுதியிருக்கிறது?
"ஆறு கோர். சூடாக்கி ஓட்டியதில்லை.
சிகரெட் இல்லாத அறை."
அந்தக் கடைசி வரிக்காகத்தான் கிளம்பினேன்.

என் தேவை சின்னது.
வாரம் ஆறு நாள் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
வெள்ளிக்கிழமை காலை
மெஹ்பூலா பொட்டலில் டென்னிஸ் பந்து லீக்;
அதை வெட்டி ஒட்டிப் பன்னிரண்டு நிமிடமாக்கி
ஊருக்கெல்லாம் அனுப்புவதும் நான்.
என் பழைய இரட்டைக் கோர்
ஒரு சிக்ஸரை விழுங்கி மென்று துப்ப
விடிந்துவிடும்.
மேல் கட்டில் தோபியாஸ்
ஃபேன் சத்தத்தைத் திட்டியபடி
தலையணையைத் தலைமேல் போட்டுக்கொள்வார்.
அவர் அடித்த சிக்ஸர்தான் அது.

வியாழன் மாலை. தூசிக்காற்று.
பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும்
ஒரே நிறத்தில் புருவம்.

முத்தஸிம், சூடான்காரன்,
பேரீச்சம்பழ டப்பா ஒன்றை நீட்டினான்.
உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் அது.
ஓரத்தில் இரண்டு பின்கள்
வரிசையில் நிற்கப் பிடிக்காமல் சாய்ந்திருந்தன.
"படத்தில் இது இல்லையே?"
"கழற்றும்போது கை நடுங்கிவிட்டது.
பதினைந்து கொடு."

மானிட்டர் எகிப்துக்காரர் ஒருவருக்குப் போயிற்றாம்.
கேபினட் ஒரு டாக்காப் பையனுக்கு, கண்ணாடிக் கதவில்லாமல்.
நினைவகக் குச்சிகள் இரண்டும்
சலூனில் வேலை செய்யும் நேபாளப் பெண்ணுக்கு.
"டிஸ்க்?"
சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

பணத்தை எண்ணாமல் மடித்தவன் கேட்டான்:
"இதில் என்னுடையது ஏதாவது மிச்சமிருக்குமா?"

பாஸ்வேர்டு பயம் என்று நினைத்தேன்.
லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் குரலில்
சொன்னேன்: பயப்படாதே,
இது கணக்குப் போடும், அவ்வளவுதான்.
கரண்ட் போனால் எதுவும் தங்காது.
"எதுவுமே?"
"எதுவுமே."

முகம் தெளியும் என்று பார்த்தேன்.
மூன்று வருடம்
ஓம்துர்மானிலிருக்கும் தங்கைக்கு
இதில்தான் இரவிரவாக அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தானாம்.
லைன் போய் ஏழு மாதம்.
கைகொடுத்துவிட்டு
காற்றுக்கு எதிராக நடந்தான்.

அறை.
பஞ்சுக்கு அடியில் நாலு பேரீச்சம்பழம்.
வைத்தவையா, மறந்தவையா தெரியவில்லை.
தோபியாஸ் இறங்கி வந்து
இரண்டை வாயில் போட்டுக்கொண்டு டார்ச் பிடித்தார்.
மெக்கானிக்கல் பென்சிலில் குச்சியை உருவிவிட்டு
அந்த ஓட்டைக்குள் பின்னை நுழைத்து
மூச்சடக்கி நிமிர்த்தினேன்.
ஒன்று சொன்னபடி கேட்டது.
மற்றது மூன்றாம் தடவையில்.
மேலே காய்ந்திருந்த சாம்பல் பசையை
ஸ்பிரிட்டால் துடைக்கத் துடைக்கப்
பாதிக் கட்டைவிரல் ரேகை ஒன்று
தெரிந்தது, போனது.

சாக்கெட். நெம்பு. புதுப் பசை. ஃபேன்.
பொத்தான்.

கறுப்பு. நெடுநேரம் கறுப்பு.
பதினைந்து தினார் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று
மனம் பெருக்கி முடித்த பிறகு
வெள்ளை எழுத்துகள் வந்தன:
புதிய செயலி.
பழைய பதிவை அழிக்க 'ஒய்'.
வைத்துக்கொள்ள 'என்'.

போர்டு கேட்பது
நேற்றுவரை தன்மேல் இருந்த என் சில்லைப் பற்றி.
தெரியும் எனக்கு.
ஆனாலும் விரல் நின்றது.
"எதுப்பா அமுக்கணும்?" என்றார் தோபியாஸ்
கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

என்.

அவருடைய சிக்ஸர் நாலு நிமிடத்தில் வந்துவிட்டது.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்
பந்து கயிற்றுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்திருக்கிறது.
அந்த ஒரு சாணை வெட்டிவிட்டேன்.
அவரிடம் சொல்லவில்லை.

முத்தஸிமுக்கு மட்டும்
'ஓடுகிறது' என்று அனுப்பினேன்.
விடியும்போது பதில் வந்திருந்தது,
ஒரு கட்டைவிரல்.